மாதம் தவறாமல் வந்த மழை

பேராச்சிக்கு எண்கள் தெரியும். எண்களைப் படமாக்கலாம் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆனி மாதமே வேலையை விட்டு ஓடியிருப்பாள்.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் சயின்ஸ் ரூமில் அவளுக்கு வேலை. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவாள், ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவாள். 1957-ல் சயின்ஸ் டீச்சர் ரெபேக்காள் மழைமானி ஒன்றைத் தருவித்தார். தினமும் காலையில் அதன் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை அளவு கிளாசில் ஊற்றி, எத்தனை கோடு என்று பார்த்துவிட்டுக் கொட்ட வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் போய்ச் சொன்னால் கிளார்க் செல்லச்சாமி நோட்டில் எழுதிக்கொள்வார்.

மானியை நட்ட இடம்தான் வினையாகிவிட்டது. மரம் மறைக்காத வெட்டவெளி வேண்டுமென்று தேடி, பள்ளிக்கூட வளாகத்துப் பிள்ளையார் பீடத்துக்கு இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டார் டீச்சர். மாதாமாதம் வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பேராச்சி பிள்ளையார் பக்கம் தலைவைக்க மாட்டாள். அதை ஒரு ஆம்பிளையிடம் ஜன்னல் கம்பி வழியாக எப்படிச் சொல்வது? முந்தின நாள் எண்ணையே சொல்லிவைத்தாள்.

"என்னட்டி, நேத்தும் எட்டு, இன்னைக்கும் எட்டா?" என்பார் செல்லச்சாமி.

"குத்தாலத்துச் சாரல்லா அண்ணாச்சி, ஒரே மாதிரிதான் விழுது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பாள். செடிக்குத் தண்ணீர் விட்டேன் என்று பொய் சொன்ன தோட்டக்காரரை, பெரிய டீச்சர் என்று எல்லோரும் சொல்லும் ஹெட்மிஸ்ட்ரஸ் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பேராச்சியின் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. தீபாவளிக்குள் ஆர்டர் வரும் என்றிருந்தார்கள். வராவிட்டால் கடையத்தில் அண்ணன் வீடுதான். புருஷன் போனபிறகு இரண்டு வருஷம் அங்கே இருந்தாள். ஒவ்வொரு நேரமும் சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று மதினி கேட்பாள்.

புரட்டாசியில் ஒருநாள் ரெபேக்காள் டீச்சர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டம்போட்ட தாள் கொடுத்தார். கீழே தேதி, பக்கவாட்டில் எத்தனை கோடு மழை என்ற அளவு. நோட்டைப் பார்த்து மூன்று மாத மழைக்கும் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். பேராச்சி மூலையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்த மழைக்கு என்னமோ ஆயிட்டு," என்றாள் முத்துவடிவு. கூர்மையான கண் அவளுக்கு. "மூணு நாள் பலகை மாதிரி கெடக்கு. நாலாம் நாள் தோரணமலை மாதிரி எந்திரிக்கு. ஆனியில ஒருக்கா, ஆடியில ஒருக்கா, ஆவணியில ஒருக்கா. மாசம் தவறாம வருது டீச்சர்!"

"செல்லச்சாமி சார் தூங்கிக்கிட்டே எழுதியிருப்பாரு," என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. வாசலில் பெரிய டீச்சர்.

அவர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். "செல்லச்சாமியைக் கூப்பிடுங்க."

பேராச்சியின் கையிலிருந்து குழாய் நழுவி உடைந்தது. வாயைத் திறக்காவிட்டால் அண்ணாச்சி தலையில் விழும். திறந்தால் கடையம்.

"அவுக இல்ல, பெரிய டீச்சர். நாந்தான். மூணு நாளும் பாக்காமச் சொன்னேன்."

"ஏன் பாக்கல?"

அவள் கண் ஜன்னல் வழியாகப் பிள்ளையாரிடம் போய்த் தரைக்குத் திரும்பியது. முத்துவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்தார்கள். அங்கே கடைசியாகப் புரிந்துகொண்டது ரெபேக்காள் டீச்சர்தான். அவர் முகம் சிவந்துவிட்டது.

பெரிய டீச்சர் குரலைத் தணித்தார். "நாலாம் நாள் மட்டும் ஏன் இம்புட்டு?"

"போய்ப் பாக்கும்போது பாட்டில்ல அம்புட்டு இருந்துச்சு. இருந்த தண்ணிய எப்படிக் கொறச்சுச் சொல்லுதது?"

"மூணு நாள் வாய்க்கு வந்ததச் சொன்னவ, நாலாம் நாள் அரிச்சந்திரனோ?"

யாரும் சிரிக்கவில்லை. பெரிய டீச்சர் தாளைக் கீழே வைத்தார். "அந்த மூணு புள்ளியையும் அழிங்க. நாலு நாள் சேர்ந்த மழைன்னு எழுதுங்க. மானியைப் பிடுங்கி அந்தக் கோடியில நடச் சொல்லுங்க." போகும்போது பேராச்சியைப் பாராமலே, "உன் விஷயம் பிறகு," என்றார்.

அந்தப் 'பிறகு' வருவதற்குள் பேராச்சி பாதியாகிவிட்டாள். ஆபீசில் மணி அடித்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். தபால்காரர் சைக்கிளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். தீபாவளி போயிற்று, ஆர்டர் வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் செல்லச்சாமி ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு, நிரந்தரமாயிட்டே," என்றார். அவளுக்குப் பெயரின் முதல் எழுத்தே மறந்துவிட்டது.

வேலை நிலைத்தது, பயம் மட்டும் போகவில்லை. அதன்பிறகு அவள் எண்ணை வாயால் மட்டும் சொன்னதே இல்லை. கிளாசை அப்படியே ஜன்னலுக்குக் கொண்டுபோய் நீட்டுவாள்.

"ஏட்டி, பங்குனி வெயிலு மண்டையப் பொளக்கு. காலி கிளாஸ எதுக்குத் தூக்கிட்டு வாரே?"

"ஒண்ணும் இல்லங்கறத நீங்களே பாத்து எழுதிக்கிடுங்க அண்ணாச்சி."