முப்பது வாக்கியங்களும் ஒரு நாற்காலியும்

கோவளம் பள்ளியில் பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் நடத்திய நூர்முகமது பாய்க்கு இங்கிலீஷ் பேச வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திய எனக்கும் வராது. ஒரு வரி படிப்பது, தமிழில் அர்த்தம் சொல்வது, எங்களுக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

1959-இல் பாயைச் செங்கல்பட்டுக்குக் கூப்பிட்டுப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். இனி இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சொல்கூடத் தமிழ் கூடாதாம். வாத்தியார் ஒன்றைச் செய்துகாட்டி "ஐ ஆம்" என்று சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதையே "ஹி இஸ்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் காதில் தமிழ் விழுந்தால் பாயிடமிருந்து இங்கிலீஷ் வகுப்பையே பிடுங்கிவிடுவார்கள்.

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. "காசி, அந்த ஆளு திடீர்னு வேற எதுனா கேட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று என் உயிரை வாங்கினார். முப்பது வாக்கியங்களை நெட்டுருப் போட்டார். கதவைத் திறந்தும் மூடியும் ஒரு மாதம் பிள்ளைகளைப் பழக்கினார். ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள்கூட "ஹி இஸ் ஓபனிங் தி டோர்" என்று முனகிக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன். இருபத்தாறாவது வாக்கியம்வரை பிசகில்லை. அப்போது இன்ஸ்பெக்டர் உட்காரப் போனார், கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியில். நாங்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. பழகிப்போனதால் மாற்றிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாயின் வாய் திறந்தது. தமிழில் கத்தினால் வகுப்பு போச்சு. இங்கிலீஷிலோ, உட்காராதீர்கள் என்பது அந்த முப்பதில் இல்லை. பாய் ஓடிப்போய், இன்ஸ்பெக்டர் உட்காருவதற்குள் தானே அதில் உட்கார்ந்தார். மடார் என்று நாற்காலி சாய, தரையில் விழுந்தார்.

"ஐயையோ! அடி பட்டுடுச்சா?" என்று தமிழில் பதறியவர் இன்ஸ்பெக்டர்தான்.

அவரே தமிழ் பேசியும், தானும் பேசலாம் என்று பாய் நம்பவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "நோ சார். ஐ ஆம் சிட்டிங் ஆன் தி ஃப்ளோர்" என்றார்.

"ஹி இஸ் சிட்டிங் ஆன் தி ஃப்ளோர்!" என்றார்கள் பிள்ளைகள், ஒரே குரலில்.

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டு போனார். வகுப்பு பாயிடமே இருக்கட்டும் என்று அவர் எழுதியிருப்பதாகத் தலைமையாசிரியர் வந்து சொன்னார்.

சாயங்காலம் நான் தைலம் தேய்த்துவிட்டபோது பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"காசி, அது நம்ம முப்பதுல இல்லியே. எனக்கு எப்பிடி வந்துச்சு? புள்ளைங்களுக்கு எப்பிடி வந்துச்சு?"