மேல்மாடியில் ஒரு கமிஷனர்

ஒரு பெரிய அதிகாரி இடுப்பில் துண்டோடு மாடிப்படியில் நின்று, "மேடம், வெந்நீர் எந்தப் பக்கம்?" என்று கத்திய பிறகு அவருக்குப் பயப்படுவது ரொம்பக் கஷ்டம். வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். மற்ற அவஸ்தைகளை, விருந்தாளி வைத்துப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏர்கோனைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறவர்கள் உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு மேல்மாடி, பிள்ளைகள் படிக்கப் போனதும் சும்மா கிடந்தது. வெளிநாட்டு அரசு அதிகாரிகளுக்கு 'நேர்மையான நிர்வாகம்' என்று ஒரு கோர்ஸ் நடத்தும் தனியார் மையம், தங்க இடமும் சாப்பாடும் கேட்டது. சரி என்றேன். அப்படி வந்தவர்கள்தான் கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் மூன்று பேர்: மாவட்டக் கமிஷனர் ஒருவர், அவருடைய உதவியாளர் மோசஸ், தண்ணீர் இலாகா இன்ஜினியர் ஆக்னஸ். நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் வீட்டிலேயே தங்கியிருந்தாள். பேசியதெல்லாம் இங்கிலீஷ். என் கான்வென்ட் இங்கிலீஷும் அவர்களுடைய மிஷன் பள்ளி இங்கிலீஷும் நன்றாகவே ஒத்துப்போயின.

நாற்காலி

முதல் நாள் காலை தோசையை மேசையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கமிஷனர் இறங்கி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஜெபம் செய்கிறாராக்கும் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் புரிந்தது, நாற்காலியை இழுக்க மோசஸ் வர வேண்டும். மோசஸ் மூச்சு வாங்க ஓடி வந்து இழுத்தார், கமிஷனர் உட்கார்ந்தார். மோசஸ் பின்னால் போய்ச் சுவரோடு சுவராக நின்றுகொண்டார். ஆக்னஸ் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து சட்னியை ஊற்றிக்கொண்டாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. "மிஸ்டர் மோசஸ், என் வீட்டில் நின்றுகொண்டே இருப்பது பிரிட்ஜ் ஒன்றுதான். உட்காருங்கள், தோசை ஆறுகிறது" என்றேன். அவர் கமிஷனரைப் பார்த்தார், கமிஷனர் தோசையைப் பார்த்தார். கடைசியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வேலை நேர்முகத்துக்கு வந்தவர் மாதிரி சாப்பிட்டார். கமிஷனர் மாடிக்குப் போன பிறகு, "ஐயா வீட்டிலும் இப்படித்தானா?" என்று கேட்டேன். மோசஸ் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "வீட்டில் அவர்தான் நாற்காலியை இழுப்பார். எங்கள் அம்மணி மந்திரியின் தங்கை."

அன்பளிப்பு

அந்த வாரமே கமிஷனர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. ஹாலில் என்னை நிற்க வைத்து, மோசஸைப் போட்டோ எடுக்கச் சொல்லி, எங்கள் இரு நாடுகளின் நட்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்தார். பிரித்தால் கொசு வலை. நல்ல வலைதான், எங்கள் பக்கம் டெங்கியும் உண்டு. ஆனால் உறையின் மேல் பெரிய எழுத்தில், 'தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் இலவசம், விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருந்தது.

என் கடைசிப் பிள்ளைக்கே மீசை முளைத்துவிட்டது. "இதில் நான் யார், தாயா, குழந்தையா?" என்று கேட்டேன். ஆக்னஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கமிஷனர் கொஞ்சமும் அசரவில்லை. மக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் மாதிரி உறையைத் தட்டிக் காட்டினார்: "நன்றாகப் படியுங்கள் மேடம். விற்கக் கூடாது என்றுதானே இருக்கிறது? நான் விற்கவில்லையே, கொடுக்கிறேன்."

மீன் தலைக் கறி

என் கொழுந்தன் சேகர் ஒரு சின்ன ஊரில் கவுன்சிலர். தேர்தலெல்லாம் கிடையாது, கட்சி பார்த்துப் போட்ட பதவி. அவர் வீட்டு வாசலில் தெருவிளக்கு இரண்டு எரியும், அடுத்த சந்தில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து கமிஷனர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பூப்போட்ட பட்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

மீன் தலைக் கறி பாதி காலியாவதற்குள் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். "எத்தனை ஓட்டு வாங்கினீங்க பாஸ்?" என்று சேகர் கேட்க, கமிஷனர் ஒரு விரலைத் தூக்கினார். "ஒன்றே ஒன்று. ஆனால் அது ஜனாதிபதியின் ஓட்டு." சேகர் சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது. அந்தச் சந்தோஷத்தில் கமிஷனர் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். அவர் மாவட்டத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. ரிப்பன், ஷாமியானா, குலவை போடும் பெண்கள். இவர் குழாயைத் திறக்கிறார், தண்ணீர் கொட்டுகிறது, இரண்டு கையிலும் ஏந்திக் குடிக்கிறார்.

"பம்ப் எங்க பாஸ், காணோமே?" என்றார் சேகர். கவுன்சிலர் அல்லவா, இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். பம்ப் வாங்கும் வேலை கமிஷனருடைய மச்சினர் கையில் இருந்ததாம், அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறதாம். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர் லாரியை நிறுத்தி, அதன் குழாயை இதில் மாட்டியிருக்கிறார்கள். விழா முடிந்தது, லாரி போனது, தண்ணீரும் போனது. ரசத்தில் எப்போது பெருங்காயம் போட வேண்டும் என்று நான் சொல்வது போல, அவ்வளவு பதமாகக் கமிஷனர் விளக்கினார். "ஜனங்களுக்கு முதலில் நம்பிக்கை வேண்டும். தண்ணீர் இரண்டாம் கட்டம்."

கோர்ஸின் கடைசி நாளில் ஒவ்வொரு நாடும் தன்னுடைய வெற்றித் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். இவர்கள் சார்பில் அந்தக் குழாயைப் பற்றி ஆக்னஸ்தான் பேசப் போகிறாள் என்றார். அவர்களுடைய தூதரகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து கேட்பாராம். அது நன்றாக அமைந்தால் இவருக்குப் பெரிய மாவட்டம் கிடைக்குமாம். "ஆக்னஸ் அழகாகப் பேசுவாள். பேசாவிட்டால் வடக்கே பாலைவனத்தில் ஓர் இன்ஜினியர் வேலை காலியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஆக்னஸ் தலை நிமிராமல் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். சேகர் வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அண்ணி, இந்த ஆளு மட்டும் நம்ம ஊர்ல பொறந்திருந்தா இந்நேரம் டத்தோ பட்டமே வாங்கியிருப்பாரு லா!"

ஈரத் துணி

சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுப் போகும் ஆட்களுக்கு மத்தியில், ஆக்னஸ் தன் தட்டோடு மற்றவர்கள் தட்டையும் கழுவி வைப்பாள். ஒரு நாள் அவளிடம் அந்தக் கொசு வலையைக் கொடுத்து, ஊரில் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களிடம் சேர்த்துவிடு என்றேன். "என் அக்காவிடம் கொடுத்தால் போதும். அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள்தான் நர்ஸ்" என்றாள். எனக்குக் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. குழாயைத் திறந்து வைத்த நாளிலிருந்து இன்றுவரை அந்த அக்காதான் ஆற்றிலிருந்து தண்ணீர் தூக்கி வந்து பிரசவம் பார்க்கிறாள். குழாய் வந்துவிட்டதே என்று, முன்பு தண்ணீர் கொண்டு வந்த கழுதை வண்டிக்காரரையும் நிறுத்திவிட்டார்களாம்.

"அப்புறம் என்னத்துக்கு யோசனை? மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயேன்" என்றேன் நான், வழக்கமான அவசரத்தில். அவள் கோபப்படவில்லை. வடக்கே அந்த ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, அதனால் தன் இரண்டு பிள்ளைகளையும் வாத்தியார் புருஷனையும் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னாள். போனவர்களைத் திரும்பக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லையாம். பிறகு ஈரத் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மேடம், உங்களை யாரும் எங்கேயும் மாற்ற மாட்டார்கள்."

தேநீர் வேளை

கடைசி நாள் சாயந்திரத் தேநீருக்கு வடையும் மீ ஹூன் சேமியாவும் கேசரியும் என் பொறுப்பு. மையத்து ஹாலின் பின்வரிசையில் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆக்னஸ் முறை வந்தது. முன்வரிசையில் தூதரகத்து அம்மாள், பக்கத்தில் புது கோட்டில் கமிஷனர். ஆக்னஸ் வீடியோவைப் போட்டாள். ரிப்பன், குலவை, தண்ணீர். ஹாலே கை தட்டியது. எனக்கு, சொல்வதற்கென்ன, வாயெல்லாம் கசந்தது. நான் வடைக் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

"இது விழா நாள். இன்றைக்கு அந்தக் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்" என்று அவள் குரல் கேட்டது. திரும்பினேன். ஊருக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். நமக்குச் சாயந்திரம், அங்கே காலை. பெரிய திரையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், அச்சு அசல் ஆக்னஸ் முகம், கொஞ்சம் வயது கூட. அவளுக்குப் பின்னால் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு கர்ப்பிணிகள். "அக்கா, குழாயைத் திற" என்றாள் ஆக்னஸ். அக்கா ஏன் எதற்கென்று கேட்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், திருகினாள். இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள். ஒரு சொட்டு இல்லை. அப்புறம் ஆற்றுத் தண்ணீர் இருந்த மஞ்சள் டின்னைத் தூக்கிக் காட்டிவிட்டு, வேலை கிடக்கிறது என்பது போல ஆக்னஸையே பார்த்தாள்.

தூதரகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஆக்னஸ் மேடையில் அப்படியே நின்றாள். கமிஷனர் மெதுவாக எழுந்து, கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார்: "எங்கள் பக்கம் நெட்வொர்க் கொஞ்சம் மெதுவு. தண்ணீர் திரைக்கு வந்து சேர நேரமாகும்."

வடக்கே

அன்று ராத்திரியும் எல்லாரும் மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கமிஷனர் ஒன்றும் நடக்காதது போல என்னிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார். மோசஸ் தன் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கவனித்தேன். கமிஷனரும் கவனித்திருப்பார். மறுநாள் ஏர்போர்ட் வண்டியில் ஆக்னஸ் கமிஷனருக்குக் காத்திராமல் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இது: தூதரகத்து அம்மாள் விடாமல் கேட்டுக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு உண்மையான பம்ப் வந்தது. அதையும் கமிஷனரே இன்னொரு ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். மந்திரியின் தங்கை மந்திரியின் தங்கையாகவே இருப்பதால், பெரிய மாவட்டமும் அவருக்கே கிடைத்தது. ஆக்னஸை, சொன்னது சொன்னபடி, வடக்கே தூக்கிப் போட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில்தான் பார்க்கிறாளாம். அக்கா இப்போது தண்ணீர் தூக்குவதில்லையாம். பாலைவனத்தில் எப்படியம்மா இருக்கிறாய் என்று விசாரித்து நான் மெசேஜ் அனுப்பினேன். அழுது பதில் போடுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவளிடமிருந்து வந்தது இது: "பிள்ளைகள் இல்லாத வீடு பிடிக்கவில்லை. வேலை பிடித்திருக்கிறது. இங்கே கமிஷனர் பதவி இன்னும் காலி, அதனால் இரண்டு கிணறு முடித்துவிட்டோம்."

பதவி கொடுத்தவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று இருக்கிற ஆசாமிகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தாலும் சரி, கொழுந்தன் முறையில் வந்தாலும் சரி, சாப்பிட்ட தட்டைக் கழுவி நான் பார்த்ததே இல்லை.