மாமா முளைக்க வைத்த மரம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் ஒரு காட்டைப் பராமரித்தது. லா சப்பலில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணிக்குத் தகப்பன் விட்டுப்போன காடு அது. அவரை மதாம் என்றுதான் அழைப்போம். காடு முழுக்க நுவாசெத் மரங்கள். சொக்லேட்டுக்குள் கடிபடுமே, அந்தக் கொட்டை காய்க்கிற மரங்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய என் மாமா ஒருநாள் மதாமின் பைகளை மாடிக்குத் தூக்கிக்கொடுக்கப் போனார். தனக்குத் தெரிந்த நாலைந்து பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் காட்டு வேலைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். கூலி, காய்க்கிறதில் பாதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா, அம்மா, மாமா, நான் என்று மதாமுடன் ரயிலேறுவோம். காட்டை அவர் ஏழு துண்டாகப் பிரித்திருந்தார். குளிர்காலத்துக்கு ஒரு துண்டாக, மரங்களைத் தரையோடு வெட்டவேண்டும். எனக்கென்று நான் தெரிந்தெடுத்து வைத்திருந்த மரமும் முதல் துண்டிலேயே அகப்பட்டது. அடியிலிருந்து திரும்பவும் நேராக முளைக்கும் என்றார் மதாம். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தது நான்தான், ஆனால் நம்பவில்லை. லா சப்பல் வரும்வரை அழுதேன்.

பனி விட்ட பிறகு ஒரு ஞாயிறு, மாமா எனக்கு முன்னால் ஓடிப்போய்க் காட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வந்து பார். உன்ரை மரம் முளைச்சிட்டுது."

என் மரத்தின் அடிக்கட்டையில் மூன்று தடிகள், மஞ்சள் பூச்சரம் தொங்க நின்றன. சந்தோசத்தில் கட்டிப்பிடித்தேன். மூன்றும் என் கையோடு வந்துவிட்டன. மாமா பக்கத்துத் துண்டில் முறித்துவந்து செருகியிருக்கிறார். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். மாமாவுடன் இரண்டு கிழமை நான் கதைக்கவில்லை.

ஆகையால், மே மாதம் அதே கட்டையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகத் தளிர்கள் எழுந்தபோது நான் ஏமாறத் தயாராக இல்லை. ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். தளிர் நின்றது, நான்தான் சேற்றில் மல்லாக்க விழுந்தேன். மதாம் கத்திக்கொண்டு ஓடிவந்தார். மாமா என்னைத் தூக்கிவிட்டு, "இது நான் வைக்கேல்லை" என்றார். அதற்குப் பிறகு மான் கடிக்காமலிருக்க அந்தக் கட்டைமேல் முள்ளும் சுள்ளியும் போட்டு மூடிய ஆள் நான்தான்.

இலையுதிர்காலத்தில், வெட்டாத துண்டுகளில் கொட்டை பொறுக்கினோம். அணில்கள் தின்றதுபோக மிஞ்சியதை அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தார். மதாம் கண்ணீர் வழியத் தண்ணீர் குடித்துவிட்டு, கொட்டைக் கோப்பையைத் திரும்பவும் நீட்டினார்.

அடுத்த குளிர்காலம் இரண்டாவது துண்டை வெட்டி முடித்த அன்று, மதாம் வேலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். நான் அம்மாவிடம் சொன்னேன்:

"இதை இனி ஏழு வருசத்தாலைதான் வெட்ட வேணுமாம். அப்பவும் வருவியளோ எண்டு மதாம் கேக்கிறா."

அம்மா கையுறையைக் கழற்றி, ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"ஓம், வருவம் எண்டு சொல்லு."

அப்பா வெட்டிய மரத்தை அறுத்துக்கொண்டிருந்த வாளை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். மாமா சீட்டியடிப்பதை விட்டார். நான் மதாமிடம் 'வுய்' என்று சொல்லிவிட்டு, ஏழு வருடத்தில் எனக்குப் பதினாறு ஆகிவிடும், வாள் பிடிக்க விடுவார்கள் என்ற சந்தோசப் புளுகத்தில் துள்ளினேன். அப்பாவுக்குக் கை உளைகிறதாக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு புதுவருசத்துக்கும், வாற வருசம் எங்கள் ஊருக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று சொல்லிவந்த வீடு எங்களுடையது. அந்த வீட்டில் ஒருவர் முதன்முதலாக அதற்கு மாறாகப் பேசியதை, நானே பிரெஞ்சில் சொல்லி முடித்திருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.