ரங்கம்மாள் கண்ணில் இல்லாத புரை

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜாபருக்கு வானம் பார்ப்பதில் ஒரு பித்து. அமாவாசையை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநோக்கியை வண்டியில் கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு ஏறிவிடுவார். இருட்டியதும் சுற்றுலா வந்தவர்களும் ஊர்க்காரர்களும் வரிசை கட்டி நிற்பார்கள். மனுஷன் நல்லவர்தான். வரிசையைக் கண்டால் மட்டும் வாய் நீண்டுவிடும்.

சென்ற மார்கழியில் ஆண்ட்ரோமீடாவைக் காட்டினார். நம் பால்வெளிக்கு அப்பால் இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலம். அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகும். "சுருள் சுருளா, ஊதா கலர்ல தெரியும் பாருங்க!" என்றார். அவருடைய குழாயில் தெரிவதோ சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டு, அவ்வளவுதான். சுருளும் ஊதாவும் அவர் போட்டோவில் பார்த்தவை. பத்துப் பேர் பார்த்தார்கள். பத்துப் பேரும் "சூப்பருங்க" என்று தலையாட்டினார்கள். தெரியவில்லை என்று சொல்லி அசடு வழிய யாருக்கு மனசு வரும்?

அடுத்து மரவள்ளி போடுகிற ரங்கம்மாள். "வெறும் பொகை மாதிரி கீதுங்க பாய். சுருளும் இல்ல, கலரும் இல்ல."

கூட்டம் சிரித்தது. ஜாபருக்குச் சுருக்கென்றது. "கண்ணுல புரை வுழுந்திருக்கும்மா. கடைக்கு வா, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சற்று முன்புதான் அதே ரங்கம்மாள் கார்த்திகை நட்சத்திரங்களை வெறுங்கண்ணால் பார்த்து ஆறு என்று எண்ணிச் சொல்லியிருந்தாள். புரை விழுந்த கண்ணா அப்படி எண்ணும்? கண் பார்த்தே பிழைக்கிற மனுஷனுக்கு அது தெரியாதா!

மூன்று வாரம் கழித்து, முதல் பஸ்ஸில் இறங்கி வந்து கடையில் உட்கார்ந்தாள் ரங்கம்மாள். ஜாபர் டார்ச் அடித்துப் பார்த்தார். அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். தடங்கலில்லாமல் படித்தாள்.

"கண்ணு நல்லா கீதும்மா."

ரங்கம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மூணு வாரமா தூக்கமே இல்லிங்க. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் கண்ணு போச்சி. அடுப்புப் பொகையப் பாத்தாகூட பயந்துகினு கெடந்தேன்." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "அப்ப அன்னிக்கி எனக்கு மட்டும் ஏன் தெரியல?"

மேகம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லாவில் மகள் அஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாபருக்குக் காது மடல் சுட்டது.

"எனக்கும் பொகைதாம்மா தெரிஞ்சிது. எல்லாருக்கும் அதான் தெரியும். நாந்தான் பொய் சொன்னேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஊர்ல என்னைக் குருடின்னு கூப்புடுதுங்க. இத அங்க வந்து சொல்லுங்க பாய்."

தை அமாவாசைக்குப் போனார். வரிசை முழுக்கக் கேட்கும்படி, ரங்கம்மாள் சொன்னதுதான் சரி, தான் சொன்னது பொய் என்றார். முதல் ஆளாக ரங்கம்மாள் வந்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தாள்.

"பொகைதான்" என்றாள், உரக்க.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜாபர்தான் தலையைத் தூக்கவில்லை.