மாமா மடி

எங்கள் பக்கம் காது குத்துவதென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பெற்ற நைனாவுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. எனக்கு வாய்த்தது ஒரே மாமா. நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் என் அம்மா. அந்த மாமாதான், நான் ஒன்றாவது படித்த வருஷம், புத்தூருக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இனிமே அவன் பேச்சே எடுக்காத" என்று நைனா குதித்தார். அம்மா மசியவில்லை. என் பிள்ளைக்கு அவன் மடிதான், அவன் வருவான் என்று சாதித்தாள்.

கார்வேட்டிநகரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். மாமா வரத்தான் செய்தார், கையில் கம்மல் டப்பாவோடு. ஆனால் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். மடி கொடுக்கும் மாமனுக்கு முதலில் அம்மன் குங்குமம் வைக்க வேண்டும். அம்மா தாம்பாளத்தோடு வெளியே போனாள். நானும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஒரு நிமிசம் வச்சிக்கினு கொயந்தய மடியில வையிடா. அப்புறம் நீ எந்த சாமிய வேணா கும்புடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"கொயந்தய இங்கயே வச்சிக்கிறேங்க்கா, எவ்ளோ நேரம் வேணாலும். குங்குமம் மட்டும் வேணாங்க்கா."

"நான் செத்தாலும் இப்படித்தான் வாசல்ல நிப்பியா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பெரியவர்களும் அழுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இத்தனை பேர் கூடியும் ஒரு பொட்டு வைக்கத் தெரியவில்லையே என்று எனக்கோ எரிச்சல். தாம்பாளத்தில் விரலை விட்டு மாமாவின் நெற்றியில் நானே அப்பிவிட்டேன். அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "போதும்டா, உள்ள வா" என்று அவர் கையைப் பிடித்தாள்.

மாமா என் கன்னத்தைத் தடவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டார்.

அம்மா கையை விட்டுவிட்டாள். கோயில் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கட்டியிருந்த பட்டுப்புடவையோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட வந்து, பீடி நாற்றமடித்த ஒரு தூரத்து மாமன் மடியில் என்னை உட்காரவைத்தாள். ஊசி இறங்கியபோது வாசலைப் பார்த்து "மாமா" என்று அலறினேன். அவர் அங்கேதான் இருந்தார். வரவில்லை.

வெயில் தாங்காமல்தான் அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்கும் ஊற்றச் சொல்லி அடம்வேறு பிடித்தேன். பல வருஷம் கழித்துச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தது. சேதி வந்ததும் அம்மா எழுந்துபோய், அதேபோல் கட்டிய புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அன்று கோயிலில் அவள் செய்தது என்ன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமா அதை வேப்பமரத்தடியில் உயிரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.