தேவகி அக்கா கடை முன்னால் எடுத்த போட்டோ

இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கியதும் குப்பென்று கிளம்பும் ஆவி… எங்கள் பாடி ஏரியா ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் டீசல் புகை… என் சட்டையில் ஊறிப்போன மிஷின் ஆயில் நாற்றம்… இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அப்போது எனக்குக் காலை விடியும்.

போன வாரம் நம்ம குரூப்பில் ஒருவர் "பாலம் வருவதற்கு முந்தைய பாடி" என்று ஒரு பழைய போட்டோ போட்டாரே… பார்த்ததும் அந்த வாசனை அப்படியே மூக்கில் ஏறிவிட்டது.

ஓடு போட்ட டிபன் கடை. வாசலில் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரு கும்பல். வலது ஓரத்தில் அளக்கிற டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர். இடது ஓரத்தில் தலையில் எண்ணெய் வழிய, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு ஒல்லிப்பிச்சான்… அடியேன்தான். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது.

"அப்போ ஜனங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க" என்று ஆளாளுக்கு ஹார்ட் விட்டிருக்கிறீர்கள். ரொம்ப நன்றி. ஆனால் அந்தப் போட்டோ எதற்கு எடுத்தது தெரியுமா?

கடையை இடிக்க!

நான் அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு வெட்டி அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பர். பள்ளிக்கூடத்துக்கு நாலாவதிலேயே கும்பிடு போட்டவன். காலை டிபன் தேவகி அக்கா கடையில்தான். முன்னால் கடை, பின்னால் வீடு. அக்கா சமைப்பார். அவர் புருஷன் மாணிக்கம் தட்டு கழுவுவார், நடுநடுவே திட்டு வாங்குவார். எனக்குச் சொந்தமெல்லாம் இல்லை. சோறு போட்டதால் அவர் அக்கா, அதனால் இவர் மாமா.

ஒருநாள் டேப்பும் கேமராவுமாக இரண்டு பேர் வந்தார்கள். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், அதற்கு அளவு எடுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எவனோ ஒரு புண்ணியவான், பட்டா கொடுக்கப் போகிறார்கள், அதற்குத்தான் போட்டோ என்று கிளப்பிவிட்டான். தெருவே பவுடர் டப்பாவைத் தேடி ஓடியது.

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது ஆரஞ்சுப் பட்டுப்புடவை. முழங்கையில் மட்டும் இன்னும் மாவு.

"டேய், எல்லாரும் வாங்கடா! ஊட்டு முன்னால நாம நின்னாதான் ஊடு நம்பள்துன்னு தெரியும்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களையும் இழுத்து வரிசையில் நிறுத்தினார்.

கேமராக்காரர் கையால் விரட்டினார். "ஓரம் போங்கம்மா. எனக்குக் கட்டடம் மட்டும் போதும்."

"ஆளு இல்லாத ஊட்ட எடுத்துகினு போயி இன்னா சார் பண்ணுவ? நாங்க நவுர மாட்டோம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கேமராவை மேலே தூக்கினார், கொஞ்சம் இறக்கினார், கிளிக். ஒரு காப்பி வேண்டும் என்று அக்கா கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம் நோட்டீஸ் வந்தது… அதுக்கப்புறம் இடிக்கிற மிஷின் வந்தது… கடை மொத்தமும் ரோட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் நின்ற பின்சுவரில் காலண்டர்கூட அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் மாமாவும் ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்விட்டார்கள். நானும் பிரஸ் ஷாப்பை விட்டு லோடு ஆட்டோ ஓட்ட வந்தேன்.

கடை போனதைக்கூட அக்கா எப்படியோ தாங்கிக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவரை அரித்தது. அந்தப் பக்கம் லோடு இறக்கப் போகும்போதெல்லாம் கேட்பார்.

"கேமராவ மேல தூக்குனானேடா… நம்பள எடுத்தானா, இல்ல தலைக்கு மேல ஓட்ட மட்டும் எடுத்துகினு போயிட்டானா?"

"உன் அழகுல மயங்கி உன்ன மட்டும் எடுத்துகினு போயிருப்பான்க்கா" என்பேன்.

"வெளையாடாதடா. நாங்க அங்க வாய்ந்தோம்னு ஒரு அத்தாட்சி வாணாமா?"

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். கொஞ்ச வருஷத்தில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அதனால்தான் குரூப்பில் படத்தைப் பார்த்ததும் வண்டியை நேராக முத்தாபுதுப்பேட்டைக்கு விட்டேன். அக்கா அழுதால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பயம். எனக்குக் கிண்டல் செய்யத்தான் வரும், ஆறுதல் சொல்ல வராது.

இப்போது தகரக் கொட்டகைதான் கடை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவாக விரலை வைத்தார்.

"தோ… நானு."

விரல் பட்டதில் படம் பெரிதாகிவிட்டது. "அய்யய்யோ, பெருசாயிட்டேன்டா!"

மாமா எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே அப்டிதான கீற."

"நீ எங்கய்யா? தோ பார்டா… ஊரே சோக்கா நிக்குது, இது மட்டும் எச்சத் தட்டோட நிக்குது!"

மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அக்காவின் கண்ணில் அது நிற்கவில்லை.

"எல்லாரையும்தான் எடுத்துகினு போயிருக்கான்… பாவம், அவன திட்டிகினே இருந்தேன்."

அன்றைக்கு ஒரு போட்டோவுக்காகப் பட்டுப்புடவை கட்டி நின்றோம், அதில் விழுந்தோமா என்று தெரிவதற்கே பாதி ஆயுசு போய்விட்டது. இன்றைக்கு என் பொண்ணு தோசையைக்கூட போட்டோ எடுத்துவிட்டுத்தான் பிய்க்கிறாள். வேண்டாத ஆள் படத்தில் நின்றால் விரலால் தேய்க்கிறாள், ஆள் காலி. நிற்பதும் சுலபம், போவதும் சுலபம்.

அந்த நினைப்பில்தான் அக்காவிடம் சொன்னேன். "பெருசா பிரிண்டு போட்டுக் குடுக்கறேன்க்கா. அந்த டேப்புக்காரன மட்டும் அழிச்சிட சொல்லட்டா? கடைய அளந்தவன் நம்ம கூட எதுக்கு?"

அக்கா படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"வாணாம்டா, வுடு. பசியோட வந்தவன். அளக்கறதுக்கு முன்னால நம்ம கடையிலதான் நாலு இட்லி துன்னான்."