மிஸ்டு காலுக்கு எதுக்கு ரீசார்ஜ்?

வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமங்களுக்குக் கிராம செவிலியராக வந்ததும் நான் போட்ட முதல் சட்டம், யாரும் என்னிடம் போனில் பேசக் கூடாது என்பதுதான். இத்தனைக்கும் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரியான எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் இங்கே பல வீடுகளில் சிக்னல் கிடையாது. பாறை மேல் ஏறினால் வரும். ஹலோ சொல்வதற்குள் போய்விடும். அதனால் நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் வர வேண்டும். ஒன்று வந்தால் சுகம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் வலி; ஜீப்போடு கிளம்பிவிடுவேன். "காசு போவாதுங்க, சும்மா உடுங்க" என்று வீடு வீடாகப் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஒரு மழைநாளில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த வீட்டிலிருந்து மிஸ்டு கால் வரவில்லை. ஏழேகாலுக்கு நானே அழைத்தேன். அந்த எண் வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது குரல். மூன்று முறையும் அதேதான்.

"யார்கிட்டயோ பேசிட்டிருப்பாருங்க" என்றார் ஜீப் டிரைவர்.

பேச வேண்டுமானால் பாறை மேல் இருக்க வேண்டும். பாறைக்குப் போனவர் எனக்கு ஏன் மிஸ்டு கால் விடவில்லை?

"வண்டிய எடுங்க" என்றேன்.

பாறை மேல் அந்தப் பெண்ணின் கணவர் நனைந்தபடி போனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"விடியறப்பவே வலி வந்துருச்சுங்க நர்சம்மா. அப்பப் புடிச்சு மிஸ்டு கால் உடறேன், போவ மாட்டேங்குதுங்க."

வாங்கிப் பார்த்தேன். முந்தின நாளோடு பிளான் முடிந்திருந்தது. அவர் அமுக்கிய ஒவ்வொரு அழைப்பும் ரீசார்ஜ் பண்ணச் சொல்லும் பதிவுக் குரலுக்கே போயிருக்கிறது; அதனால்தான் நான் அழைத்தபோதெல்லாம் வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது.

"ரீசார்ஜ் பண்ணலீங்களா?"

"மிஸ்டு காலுக்கு எதுக்குங்க ரீசார்ஜ்? காசு போவாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பெண் தனியாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அரை மணி நேரத்தில் குழந்தை என் கையில் விழுந்தது. தாயும் சேயும் நலம்.

"பயந்துட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. மிஸ்டு கால் உடத்தானே போயிருக்காரு, நீங்க வந்துட்டே இருப்பீங்கன்னு இருந்தேனுங்க" என்றாள்.

இப்போதும் என் சட்டம் அதேதான். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பிளான் என்றைக்கு முடிகிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.